குழந்தைகளோடு நெடுந்தூரக் கார்ப் பயணம்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஒரு சரிவான சாலையில் இறங்கிக்கொண்டிருந்த எங்கள் காரின் பிரேக் பெடல் பாதியிலேயே நின்றுவிட்டது. காலால் அழுத்துகிறேன், பெடல் இறங்கவில்லை. பின்னிருக்கையில் அவன் நழுவவிட்ட தண்ணீர் பாட்டில் என் இருக்கைக்கு அடியில் உருண்டு வந்து பெடலுக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தது. வேகம் குறைவாக இருந்ததால், கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரத்தில் நிறுத்த முடிந்தது. பிரேக்கில் எந்தக் கோளாறும் இல்லை. புறப்படுவதற்கு முன் அந்தப் பாட்டிலுக்கு ஓர் இடம் பார்த்து வைக்காததுதான் கோளாறு.

குடும்பத்தோடு பயணம் செய்யும்போது நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. ஓட்டுபவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. ஆகவே மற்ற வேலைகளை வண்டி நிற்கும்போதே முடித்துவிட வேண்டும். முடியாதவற்றை உடன் வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். அந்த வேலைகளை, அவை வரும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: குழந்தை இருக்கை

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பதால், நானும் இதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

"மடியில்தானே வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது, பிடித்துக்கொள்வேன்" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். இந்த வேகத்தில் மோதுவது, 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடி அளவு உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பானது. மோதிய கார் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் அந்தக் கணத்தில் கைகளுக்கு வேண்டும். எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் அது இயலாது. இதில் பாசத்தின் குறைவு ஒன்றுமில்லை, கையின் எல்லைதான் அவ்வளவு. பெரியவரும் குழந்தையும் சேர்ந்து ஒரே சீட் பெல்ட் பட்டையைப் போட்டுக்கொள்வது இன்னும் கொடியது. பெரியவரின் எடை முழுவதும் குழந்தையின் மேல் இறங்கும்.

பச்சிளம் குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் மார்பைப் பட்டை பிடித்து நிறுத்தினாலும், தலை முன்னே பாயும், கழுத்து அந்த இழுப்பைத் தாங்காது. வண்டியின் பின்புறத்தைப் பார்த்து அமரும் பின்னோக்கிய இருக்கையிலோ, முதுகும் கழுத்தும் தலையும் ஒன்றாக இருக்கையின் ஓட்டில் அழுந்துவதால் விசை பரவலாகப் பகிரப்படுகிறது. விண்வெளி வீரர்கள் ஏவுதலின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக மல்லாந்து கிடப்பதைக் கண்டு, ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960களில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வடிவமைத்தார். ஐ.நா.வின் ஆர்129 என்ற விதிமுறைப்படி தயாரிக்கப்படும் இருக்கைகளில் 15 மாதம் வரையேனும் குழந்தை பின்னோக்கி அமர வேண்டும். இது கீழ் எல்லை மட்டுமே. இருக்கையில் அச்சிட்டிருக்கும் எடை, உயர எல்லையைத் தொடும் வரை பின்னோக்கியே வைத்திருப்பதுதான் நல்லது. கால் மடங்கியிருக்கிறதே என்று பலர் அவசரப்பட்டுத் திருப்பிவிடுகிறார்கள். சம்மணமிட்டு உட்காருவது பிள்ளைகளுக்குப் பழக்கம்தான். திருப்பவேண்டிய காலத்தைச் சொல்வது கால் அல்ல, தலை. தலையின் உச்சிக்கும் இருக்கை ஓட்டின் மேல் விளிம்புக்கும் இடையே 2.5 சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை என்னும்போது அந்த இருக்கை சிறியதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

செயல்படும் ஏர்பேக் முன்னால் இருக்கும் இடத்தில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் பொருத்தக் கூடாது. விரியும் பை நேராக இருக்கையின் முதுகைத் தாக்கும், அந்த முதுகுக்குப் பின்னால் குழந்தையின் தலை இருக்கிறது.

இருக்கையைப் பொருத்தும் முறை இது. காரின் பட்டையாலோ, ஐசோஃபிக்ஸ் எனப்படும், காரின் இருக்கையிலேயே அமைந்த கொக்கிகளாலோ பொருத்தியபின், பட்டை நுழையும் இடத்தில் ஒரு கையால் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைத்துப் பாருங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் பொருத்தம் சரியில்லை. இருக்கையின் மேல்முனையைப் பிடித்து ஆட்டினால் எந்த இருக்கையும் ஆடத்தான் செய்யும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். முன்னோக்கிய இருக்கைக்கு மேல்பட்டை கொடுக்கப்பட்டிருந்தால் அதைக் காரின் கொக்கியில் மாட்டி இறுக்குங்கள். மோதலில் தலை முன்னே வரும் தூரத்தைக் குறைப்பது அதுதான். அப்படியிருந்தும், வாங்கியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் பட்டையும் அதுதான்.

அடுத்தது, குழந்தையின் தோள்மேல் வரும் பட்டைகள். பின்னோக்கிய இருக்கையில் அவை குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும்; முன்னோக்கிய இருக்கையில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். முறுக்கு விழுந்த பட்டையைத் தட்டையாக நீவி விடுங்கள். இறுக்கியபின், தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு ஒன்று விரலில் அகப்பட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று பொருள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பருத்த குளிராடைக்கு மேல் பட்டையைப் போட்டால் இந்தச் சோதனை பொய்யாகிவிடும். மோதலின்போது ஆடைக்குள் இருக்கும் காற்றெல்லாம் நசுங்கி, பட்டைக்கும் உடலுக்கும் நடுவே குழந்தை நழுவிப்போகும் அளவுக்கு இடைவெளி விழும். குளிரென்றால், பட்டையை இறுக்கிய பிறகு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

இருக்கை சிறியதான பின், காரின் பட்டை சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை. அதிலிருந்து காரின் பட்டைக்கு மாறும் நாளை வயதை வைத்து முடிவுசெய்வது தவறு. உயரம் ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டரை எட்ட வேண்டும். பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிய வேண்டும். இடுப்புப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டும். தோள்பட்டை கழுத்தை உரசாமல், தோளிலிருந்து வழுக்காமல், காறையெலும்பின் நடுவே செல்ல வேண்டும். இந்த நிலையிலேயே பயணம் முழுவதும் அமர்ந்திருக்கப் பிள்ளைக்குப் பொறுமையும் வேண்டும். உரசுகிறது என்று பட்டையை முதுகுக்குப் பின்னாலோ அக்குளுக்குக் கீழாகவோ தள்ளிவிட்டால், பட்டையே வயிற்றையும் விலாவையும் காயப்படுத்தும். ஏறத்தாழ 12, 13 வயது வரை பின்னிருக்கைதான் பிள்ளைகளின் இடம்.

பிறர் பயன்படுத்திய இருக்கையை வாங்குவதானால், அது விபத்தில் சிக்கியதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக்கின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. காலாவதித் தேதி ஓட்டின் அடியிலோ பின்புறத்திலோ இருக்கும்.

கருவுற்ற தாய், இடுப்புப்பட்டையை வயிற்றுக்குக் கீழே தொடையோரமாக இடுப்பெலும்பின் மேலும், தோள்பட்டையை மார்புகளின் நடுவே சென்று வயிற்றின் பக்கவாட்டில் இறங்குமாறும் போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றில் குழந்தை இருப்பதால் பட்டை வேண்டாம் என்பது தவறான அக்கறை.

இரண்டாம் படி: வண்டியைப் பார்த்தல்

இதைப் புறப்படும் காலையில் செய்யாமல், பழுது தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கும்படி ஒரு வாரத்துக்கு முன்பே செய்யுங்கள். காற்றழுத்தம் மட்டும் விதிவிலக்கு; அதைப் புறப்படும் நாளில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடினாலே டயர் சூடேறி அழுத்தம் கூடிக் காட்டும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஒட்டியிருக்கும். பல கார்களில் அங்கே இரண்டு அளவுகள் உண்டு. ஓரிருவர் செல்வதற்கு ஒன்று, முழுச் சுமைக்கு மற்றொன்று. ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டியும் இருக்கும்போது இரண்டாவது அளவுதான் உங்களுக்கு உரியது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பல நாடுகளில் சட்டவிரோதம். மழைச் சாலைக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே மாற்றிவிடுவது என் வழக்கம். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2323 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி எங்கே இருக்கிறது, வேகமாக எரிபொருள் தீரும் நிலையில் அடுத்த நிரப்பும் இடமோ மின்னேற்றும் இடமோ எவ்வளவு தொலைவு என்பவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விளக்குகள், வைப்பர், பிரேக் எண்ணெய், என்ஜின் குளிர்நீர் ஆகியவை வழக்கமான சோதனையில் வந்துவிடும்.

மூன்றாம் படி: சுமை ஏற்றுதல்

கனமானவை டிக்கியின் தரையில், பின்னிருக்கையின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், லேசானவை மேலே. பின்கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையின் மேல் எதையும் வைக்கக் கூடாது. மேலே போட்ட கணக்கை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கும் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 50 கிலோமீட்டரில் அது பறந்து வந்து தலையில் படுவது, 10 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதைப் போன்றது. காரை இரண்டு முறை வலம் வந்து, தளர்வாகக் கிடக்கும் டேப்லெட், குடை, பொம்மை வண்டி எல்லாவற்றையும் பைக்குள்ளோ இருக்கைப் பையிலோ போடுங்கள். ஓட்டுநரின் காலடியில் செருப்பு ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

காரின் மேற்கூரைக்கு ஓர் எடை எல்லை உண்டு, கையேட்டில் இருக்கும். கூரைப்பெட்டியின் எடையும் அதில் சேரும். மேலே சுமை ஏறினால் வண்டியின் எடைமையம் உயர்ந்து, வளைவுகளில் சாயும். பக்கக் காற்றுக்கும் தள்ளாடும்.

கையெட்டும் பையை ஒன்று தனியாகக் கட்டுங்கள். மாற்றுத்துணி ஒரு செட், டயப்பர், ஈரத்துடைப்பான், வாந்திக்கான உறைகள், தண்ணீர், வழக்கமான மருந்துகள், முதலுதவிப் பெட்டி. அது டிக்கியின் அடியில் அல்ல, உடன் வருபவரின் காலடியில் இருக்க வேண்டும். இன்னொன்றும் செய்யலாம். குழந்தையின் பெயர், இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, உறவினர் ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிக் குழந்தை இருக்கையின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், விபத்தில் பெற்றோர் பேச முடியாத நிலையில் இருந்தாலும் உதவிக்கு வருபவருக்கு விவரம் கிடைக்கும்.

நான்காம் படி: ஓட்டுநர் இருக்கை

குடும்பத்தில் இருவர் மாறி மாறி ஓட்டும்போது அடிக்கடி விட்டுப்போவது இது. பிரேக்கை முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் மார்பெலும்புக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஏர்பேக் விரிய இடம் கிடைக்கும். கைகள் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில். தலைச்சாய்மானத்தின் மேல்விளிம்பு தலையுச்சியின் மட்டத்தில், தலைக்கு மிக அருகில். கழுத்துக்கு மட்டும் முட்டுக்கொடுக்கும் தாழ்ந்த சாய்மானம் பின்னாலிருந்து மோதும்போது தீங்கு செய்யும்.

பக்கக் கண்ணாடிகளில் தன் வண்டியின் பாதி தெரியும்படி வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். தன் வண்டியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? தலையை உங்கள் பக்கக் கதவின் கண்ணாடியோரம் சாய்த்து, அந்நிலையில் வண்டியின் விளிம்பு மயிரிழையாகத் தெரியும் வரை அந்தப் பக்கத்துக் கண்ணாடியை வெளியே திருப்புங்கள். எதிர்ப்பக்கத்துக்குத் தலையை வண்டியின் நடுவுக்குச் சாய்த்து அதையே செய்யுங்கள். மறைந்துகிடக்கும் பகுதி வெகுவாகச் சுருங்கும், ஆனாலும் தடம் மாறுமுன் தோளைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும்.

பின்கதவின் விளிம்பிலுள்ள குழந்தைப் பூட்டையும், ஜன்னல் பூட்டுப் பொத்தானையும் போட்டபின், உள்ளேயிருந்து கதவைத் திறந்து பார்க்கச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

ஐந்தாம் படி: நேரத்தைத் திட்டமிடுதல்

400 கிலோமீட்டரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 4 மணி நேரம். 110 கிலோமீட்டரில் போனால் 22 நிமிடம் மிச்சம். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், அந்த 22 நிமிடத்துக்காக நீங்கள் ஏற்றுக்கொள்வது 21 விழுக்காடு அதிகமான ஆற்றல். அந்த மிச்சமும் ஒரு டயப்பர் மாற்றுவதற்குள் கரைந்துவிடும். ஆகவே வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு, ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் அரை மணி நேரத்தைக் கூட்டிச் சேருமிடத்தாரிடம் சொல்லிவிடுங்கள். காத்திருப்பவர்களுக்குச் சொன்ன நேரம்தான் பல ஓட்டுநர்களைத் தேவையில்லாமல் விரட்டுகிறது.

கைக்குழந்தையை இருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அதையும்விடக் குறைவான நேரமே நல்லது. அரை சாய்வில் தலை முன்னே கவிழ்ந்தால் மூச்சுப்பாதை ஒடுங்கும். அதே காரணத்தால், சேர்ந்த இடத்தில் "தூங்குகிறானே, அப்படியே கிடக்கட்டும்" என்று இருக்கையோடு தூக்கிக்கொண்டு போய் அறையில் வைப்பதும் கூடாது; தட்டையான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும்.

இரவில் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், தொல்லை இருக்காது என்பது பரவலான யோசனை. பிள்ளைகள் தூங்குவார்கள் என்பது உண்மைதான். ஓட்டுபவரின் உடலும் அதே நேரத்தில் தூங்கத்தான் விரும்பும் என்பதை அந்த யோசனை கணக்கில் கொள்வதில்லை. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரையும், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையும் உடலின் விழிப்பு தானாகவே தாழும் நேரங்கள். கண் திறந்திருக்கும்போதே மூளை நான்கு நொடி அணைந்து எரிந்தால், மணிக்கு 100 கிலோமீட்டரில் 111 மீட்டர் தூரம் வண்டி ஓட்டுநரே இல்லாமல் ஓடியிருக்கும். கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, தலை சட்டென்று நிமிர்கிறது, தடத்தின் கோட்டை வண்டி தொட்டு மீள்கிறது: இவற்றில் ஒன்று நேர்ந்தாலே நிறுத்திவிட வேண்டும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் சில நிமிட ஏமாற்று. காப்பியின் வேலை தொடங்க 15 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பை குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் கண்ணயர்வதே பயன்தரும். விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து உதவும். இதுவும் ஓரிரு மணி நேரத்துக்குத்தான். இரவு முழுவதும் தூங்காத உடலுக்கு இது ஈடாகாது.

ஏசியை உட்காற்றே சுழலும் நிலையில் தொடர்ந்து விட்டுவிட்டால், ஐந்து பேர் விடும் மூச்சில் கரியமில வாயு கூடி எல்லோருக்கும் மந்தம் தட்டும். அவ்வப்போது வெளிக்காற்று வரும் நிலைக்கு மாற்றுங்கள்.

ஆறாம் படி: சாலையில்

முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் இடைவெளி போதாது. முழுச் சுமையோடு போகும்போது மூன்று நொடி, மழையில் அதன் இரட்டிப்பு. அந்த இடைவெளியில் வேறொரு வண்டி நுழைந்தால் கோபப்படாமல் மீண்டும் பின்தங்குங்கள்.

பின்னால் குழந்தை வீறிட்டு அழும்போது கழுத்து தானாகத் திரும்பும். மணிக்கு 80 கிலோமீட்டரில் இரண்டு நொடி திரும்பினால் 44 மீட்டரைப் பாராமல் கடக்கிறீர்கள். பட்டையில் கட்டுண்ட குழந்தைக்கு அழுகையால் மட்டும் சில நிமிடங்களில் தீங்கு நேராது. கேட்பதற்குத் தாங்க முடியாதிருப்பது வேறு விஷயம். உடன் வருபவர் இருந்தால் அவர் பார்க்கட்டும். தனியாக ஓட்டினால் அடுத்த பாதுகாப்பான நிறுத்தம் வரை குரலால் மட்டும் பதில் சொல்லுங்கள். விழுந்த பொம்மையை எடுக்க ஒரு கையைப் பின்னால் நீட்டும்போது மறுகை ஸ்டீயரிங்கைத் தன்னையறியாமல் திருப்புகிறது. பொம்மை கிடக்கட்டும். குழந்தை தானே பக்கிளைக் கழற்றிவிட்டால், எத்தனை முறையானாலும், நிறுத்தி மாட்டிவிட்டே கிளம்ப வேண்டும். பட்டை கழன்றால் வண்டி நகராது என்பது இரண்டு மூன்று முறையில் அதற்குப் பிடிபட்டுவிடும்.

மழையில் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து ஸ்டீயரிங் திடீரென்று லேசானால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பிரேக்கை உதைக்க வேண்டாம். டயர் வெடித்தாலும் இதுவே வழி. நீண்ட இறக்கத்தில் ஏறுவதற்குப் பயன்படும் தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள்; பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு உள்ள காரில் அவசரத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து அப்படியே வைத்திருக்க வேண்டும். கால் அதிர்வதைக் கண்டு எடுத்துவிடக் கூடாது, அந்த அதிர்வு அது வேலை செய்வதன் அடையாளம்.

ஏழாம் படி: வாந்தி, தீனி, சலிப்பு

ஏறத்தாழ 2 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே பயணக் குமட்டல் அதிகம். உடல் அசைகிறது என்று உட்காது சொல்கிறது; முன்னிருக்கையின் முதுகையோ கையிலிருக்கும் திரையையோ பார்க்கும் கண், அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. ஆகவே கண் தொலைவைப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி நடு இருக்கை கிடைத்தால் நல்லது, ஆனால் அங்கே குழந்தை இருக்கை சரியாகப் பொருந்துமா என்பதே முதல் கேள்வி. புறப்படுமுன் வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது. கொட்டாவி, முகம் வெளுத்தல், நெற்றியில் வியர்வை, பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மௌனமாதல் ஆகியவை முன்னறிவிப்பு. அந்த மௌனத்தைச் சமர்த்து என்று நம்பி ஏமாந்தவன் நான். பிறகு இருக்கை உறையைக் கழற்றித் துவைக்கவேண்டி வந்தது. மாத்திரை வேண்டுமென்றால் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். பல மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே கொடுத்தால்தான் பயன். பாதி மருந்து ஓட்டுநரின் கையில் இருக்கிறது: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நிற்கும் தறுவாயில் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தினால் குலுங்கல் குறையும்.

ஓடும் வண்டியில் சிறு பிள்ளைகளுக்கு முழுத் திராட்சை, கொட்டைப் பருப்பு, கெட்டி மிட்டாய் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் பின்னோக்கிய குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரியாது, திணறும் குழந்தையிடமிருந்து சத்தமும் வராது. குச்சி வைத்த தின்பண்டங்களும் வேண்டாம்.

விளையாட்டுக்கு எந்த ஏற்பாடும் போதும். எண்பலகை எழுத்துகளைக் கூட்டுவது, கதையைத் தொடர்வது என்று காதாலும் வாயாலும் ஆடுபவை குமட்டல் உள்ள பிள்ளைக்கும் ஏற்றவை.

எட்டாம் படி: நிறுத்தங்களும் வெயிலும்

நிறுத்தத்தில் பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர்களும் நடக்கட்டும். ஆனால் ஐந்து நிமிட வேலைதானே என்று குழந்தையைக் காரில் விட்டுச் செல்லக் கூடாது. வெயிலில் மூடிய காரின் உட்புற வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயரும். ஜன்னலைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். மறந்து விட்டுவிடுவது பொறுப்பற்றவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. குழந்தை தூங்கிவிட்டது, வழக்கமாக அழைத்துச் செல்பவர் மாறிவிட்டார் என்னும் நாளில் யாருக்கும் நேரலாம். இறங்கும்போது தேவைப்படும் கைப்பையையோ செல்போனையோ பின்னிருக்கைத் தரையில் வைத்துவிட்டால் பின்கதவைத் திறந்தே ஆக வேண்டியிருக்கும். மீண்டும் ஏறும்போது வெயிலில் கிடந்த இருக்கையின் உலோகப் பக்கிளைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தோல் பொத்துப்போகும் அளவுக்கு அது சுடும்.

ஒன்பதாம் படி: வண்டி பழுதாகி நின்றால்

அபாய விளக்குகளைப் போட்டு, முடிந்த அளவு ஓரத்துக்கு ஒதுக்குங்கள். வேகமாக வண்டிகள் போகும் சாலையென்றால், போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரையும் இறக்கி, தடுப்புக்கு அப்பால், காருக்குச் சற்றுத் தள்ளி, வரும் வண்டிகளின் திசையில் நிறுத்துங்கள். பின்னாலிருந்து ஏதாவது மோதினால் கார் முன்னோக்கித் தள்ளப்படும் என்பதே காரணம். முதலில் இறங்குவது பெரியவர், பிறகு கைபிடித்துக் குழந்தைகள். காருக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் பத்திரமான பிறகுதான் முக்கோணப் பலகையும் தொலைபேசியும்.

விபத்தில் காயம்பட்ட குழந்தையை, தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாவிட்டால், உதவி வரும் வரை இருக்கையிலிருந்து எடுக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். விபத்துக்குப் பின் அந்தக் குழந்தை இருக்கையை மாற்றிவிட வேண்டும்.

பத்தாம் படி: சேர்ந்த பிறகு

கடைசி நூறு மீட்டரில் எல்லோருக்கும் அவசரம். வண்டி நின்றதும் பக்கிளைக் கழற்ற அனுமதிப்பதற்கு முன் என்ஜினை அணையுங்கள். பிள்ளைகள் நடைபாதைப் பக்கத்திலிருந்தே இறங்க வேண்டும். சாலைப் பக்கத்துக் கதவைத் திறக்கவேண்டியிருந்தால், கதவுக்குத் தொலைவிலுள்ள கையால் திறங்கள். உடல் தானாகத் திரும்பிப் பின்னால் வரும் சைக்கிளையும் வண்டியையும் கண் பார்த்துவிடும்.

காரைப் பின்னோக்கி எடுப்பதானால், வரவேற்க ஓடி வந்திருக்கும் சிறுவர்களையும் சேர்த்து எல்லாப் பிள்ளைகளும் ஒரு பெரியவரின் கையைப் பிடித்து உங்கள் கண்ணெதிரே நிற்கும் வரை கியரைப் போடாதீர்கள். காரின் பின்புறத்தில் தரையோடு ஒட்டிய பகுதி கண்ணாடிகளில் தெரியாது. குந்தி உட்கார்ந்த ஒரு குழந்தை அதில் முழுதாக மறைந்துவிடும். கேமரா இருந்தாலும் இறங்கி ஒரு சுற்று வந்து பார்ப்பது வீண்வேலையல்ல.

திரும்பும் பயணத்துக்கும் இந்த வரிசை முழுவதையும் மறுபடி தொடங்குங்கள். திரும்பும்போதுதான் சுமை கூடியிருக்கும், தூக்கம் குறைந்திருக்கும். இடையில் ஊர் சுற்றுவதற்காக யாரோ குழந்தை இருக்கையைக் கழற்றி மீண்டும் மாட்டியிருப்பார்கள். பட்டை நுழையும் இடத்தில் கையை வைத்து, இன்னொரு முறை அசைத்துப் பாருங்கள்.